மீமின்தேக்கிகளுக்கான உலோக மின்முனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னாற்றல் சேமிப்பில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விரிவாகப் பேசாவிட்டால் பல மாத உழைப்பு வீணாகிவிடும். அதனால் பதில்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது.

மீமின்தேக்கி (சூப்பர்கபாசிட்டர்) மின்னாற்றலை எப்படிச் சேமிக்கிறது?

ஒரு கடத்தியை மின்பகுளியில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அதன் பரப்பில் ஒரு மின்சுமை சேரும். அதற்கு எதிரான அயனிகள் கரைசலிலிருந்து வந்து, மூலக்கூறு அளவே உள்ள இடைவெளியில் அணிவகுத்து நிற்கும். இந்த இரட்டை மின்னடுக்கை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே விவரித்துவிட்டார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோஃபாரட் வரைதான் தாங்கும். மிகச் சிறிய அளவுதான். ஆனால் நுண்துளைகள் நிறைந்த, செயலூட்டிய கார்பனின் ஒரு கிராமுக்குள் 1500, 2000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருப்பதால், மொத்தத்தில் கிராமுக்கு நூறு ஃபாரட்டைத் தாண்டிவிடுகிறது. வேதிவினை எதுவும் நடப்பதில்லை. அதனால் சில நொடிகளில் மின்னேற்றலாம், பத்து லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

கார்பனே இவ்வளவு நன்றாக உழைக்கும்போது உலோகச் சேர்மங்கள் எதற்கு?

சந்தையில் கிடைக்கும் பெரிய கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 3000 ஃபாரட், 2.7 வோல்ட், எடை ஏறத்தாழ அரை கிலோ. மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆற்றல் கிடைக்கும். இங்கே அது சுமார் 10,900 ஜூல், அதாவது 3 வாட்-மணி. ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் 6 வாட்-மணி. நல்ல லித்தியம் அயனி பேட்டரி ஒரு கிலோவில் 150 முதல் 250 வாட்-மணி வரை வைத்திருக்கிறது. இடைவெளி அவ்வளவு பெரியது.

கார்பனில் வேலை செய்வது மேற்பரப்பு மட்டுமே என்பதுதான் இதற்குக் காரணம். மாங்கனீசு, நிக்கல், ருத்தேனியம் போன்ற உலோகங்களின் அணுக்களோ தம் ஆக்சிஜனேற்ற நிலையை மாற்றிக்கொண்டு எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் வல்லவை. மாங்கனீசு டைஆக்சைடில் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கையாண்டால்கூட, ஒரு கிராமில் ஏறத்தாழ 1100 கூலூம் மின்சுமை சேரும். அதே அளவு கார்பன் ஒரு வோல்ட் இடைவெளியில் தருவது 100 முதல் 200 கூலூம். இந்த வேறுபாடுதான் உலகெங்கும் இத்தனை பேரை உலோக ஆக்சைடுகளின் பக்கம் இழுத்தது.

இந்த 1100 கூலூம் அணு எடை அட்டவணையை வைத்துப் போடும் கணக்கு மட்டுமே. ஒவ்வொரு அணுவையும் எலக்ட்ரானும் அயனியும் ஒருசேரச் சென்றடைந்தால்தான் அது மெய்யாகும். எலக்ட்ரானுக்கு ஒரு சாலையும் அயனிக்கு ஒரு கால்வாயும் ஒவ்வொரு அணுவின் வாசல் வரை வேண்டும். மின்முனைப் பொருள் உருவாக்குவது என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் அமைக்கும் வேலைதான்.

ருத்தேனியம் ஆக்சைடை ஏன் எல்லோரும் உச்சத்தில் வைக்கிறார்கள்?

இரண்டு வழிகளும் அதில் இயற்கையாகவே இருப்பதால். 1971-இல் திரசாத்தியும் புஸ்ஸாங்காவும் ருத்தேனியம் ஆக்சைடின் சுழல் மின்னழுத்த வரைபடம் (மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கி, ஓடும் மின்னோட்டத்தை வரைவது) ஒரு மின்தேக்கியினுடையதைப் போலவே செவ்வகமாக இருப்பதைக் காட்டினார்கள். வேதிவினை நடக்கிறது, ஆனாலும் பேட்டரியைப் போல ஒரே மின்னழுத்தத்தில் குவியாமல் எல்லா இடத்திலும் சீராகப் பரவி நடக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பிரையன் கான்வேயின் குழு இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, போலி மின்தேக்கம் என்ற கருத்தைத் துறையின் அடித்தளங்களில் ஒன்றாக்கியது.

1995-இல் ஜெங், சைகன், ஜோ ஆகியோர் நீரேற்றம் கொண்ட, படிக ஒழுங்கில்லாத ருத்தேனியம் ஆக்சைடைச் செய்து கந்தக அமிலத்தில் சோதித்தார்கள். கிராமுக்கு 720 ஃபாரட் கிடைத்தது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய மாதிரிதான் சிறந்து விளங்கியது. அதற்கும் மேலே சூடேற்றினால் உள்ளே இருந்த நீர் வெளியேறி, பொருள் நன்கு படிகமாகி, மின்தேக்குத்திறன் சரிந்துவிடுகிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பாடம் இது. நீர் என்னும் "மாசு" புரோட்டான்கள் ஓடும் கால்வாயாக இருந்திருக்கிறது. ஆக்சைடு தானே உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துவதால் எலக்ட்ரானுக்கும் தடையில்லை. தூய்மையான, ஒழுங்கான படிகமே சிறந்தது என்ற நம் உள்ளுணர்வு இங்கே செல்லாது.

ருத்தேனியம் பிளாட்டினம் குடும்பத்தைச் சேர்ந்த அரிய உலோகம். விலை காரணமாகப் பேருந்துக்கோ மின்கட்டமைப்புக்கோ அது ஒத்துவராது. ஆனால் அது ஆய்வகத்தோடு நின்றுவிடவும் இல்லை. டாண்டலம் நேர்முனையுடன் ருத்தேனியம் ஆக்சைடு எதிர்முனையைச் சேர்த்த கலப்பு மின்தேக்கிகள் விமான, இராணுவ மின்னணுக் கருவிகளில் பயன்படுகின்றன.

மலிவான மாங்கனீசு அந்த இடத்தைப் பிடிக்கவில்லையா?

முயற்சி தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 1999-இல் லீயும் ஜான் குடினஃபும் படிக ஒழுங்கற்ற மாங்கனீசு டைஆக்சைடைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சோதித்து, கிராமுக்குச் சுமார் 200 ஃபாரட் பெற்றார்கள். குடினஃப் 2019-இல் லித்தியம் அயனி பேட்டரிக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நடுநிலைக் கரைசல், மலிவான உலோகம், நச்சுத்தன்மை குறைவு என எல்லாமே சாதகமாகத் தெரிந்தது.

ஆனால் மேலே சொன்ன 1100 கூலூமை ஒரு வோல்ட்டுக்கும் சற்றுக் குறைந்த மின்னழுத்த இடைவெளியால் வகுத்தால், கணக்கு சொல்லும் எல்லை கிராமுக்கு 1300 ஃபாரட்டுக்கும் மேல். 200 எங்கே, 1300 எங்கே? 2004-இல் தூப்பாங், புரூஸ், பெலாஞ்சே ஆகியோர் மின்னேற்றிய மின்முனையின் மாங்கனீசை நேரடியாக ஆராய்ந்து விடை கண்டார்கள். மெல்லிய படலத்தில் மாங்கனீசு நான்கிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாறுகிறது. தடித்த கலவை மின்முனையிலோ மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கு மட்டுமே வினையில் பங்கெடுக்கிறது. உள்ளே இருக்கும் பெரும்பகுதி வெறும் பாரம்.

எனவே நூறு நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் கிராமுக்கு ஆயிரம் ஃபாரட் கிடைத்தது என்று ஒருவர் எழுதினால், அது உண்மையாகவே இருக்கலாம். அதே பொருளை நூறு மைக்ரோமீட்டர் தடிமனில் பூசினால் 150 கிடைக்கும், அதுவும் உண்மைதான். நமக்கு வேண்டியது இரண்டாவது தடிமனில் முதல் எண்ணை நெருங்குவது. கார்பன் நானோகுழாய், கிராபீன், கடத்தும் பலபடி ஆகியவற்றோடு மாங்கனீசு ஆக்சைடைப் பின்னிப் பிணைக்கும் ஆய்வுகளின் குறிக்கோள் இதுவே. கலவையில் கார்பன் கூடக்கூட ஆக்சைடின் பங்கு குறைகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆக்சைடின் எடையை மட்டும் வைத்து வகுத்து, கார்பனை மறைத்துவிடும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

நிக்கல், கோபால்ட் சேர்மங்கள் கிராமுக்கு 2000 ஃபாரட்டுக்கு மேல் தருகின்றனவே?

இந்தக் கேள்விக்குத்தான் மிகவும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரக் கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடு, நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறித் திரும்புகிறது. நிக்கல்-காட்மியம் பேட்டரியின் நேர்முனையில் நடக்கும் அதே வினை. ஒரு நிக்கலுக்கு ஓர் எலக்ட்ரான் என்றால் கிராமுக்கு ஏறத்தாழ 1040 கூலூம். இப்போது மின்தேக்குத்திறனைப் பெற இதை மின்னழுத்த இடைவெளியால் வகுக்கிறார்கள். இடைவெளி 0.5 வோல்ட் என்றால் 2080 ஃபாரட். 0.4 வோல்ட் என்றால் 2600. அதே பொருள், அதே மின்சுமை. இடைவெளி குறுகக் குறுக எண் பெருகுகிறது! சேமிக்கும் ஆற்றலோ மின்னழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே கலத்தின் ஒரு பலவீனம் இந்த வகுத்தலில் பலமாகத் தோன்றிவிடுகிறது.

மின்சுமைக்கும் மின்னழுத்தத்துக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இருக்கும்போதுதான் ஃபாரட் என்ற அலகு பொருள் தரும். நிக்கல் ஹைட்ராக்சைடில் அந்தத் தொடர்பு இல்லை. மின்னிறக்க வரைபடம் ஒரு மேட்டில் தட்டையாக நின்று, பிறகு விழுகிறது. 2015-இல் புரூஸ், பெலாஞ்சே, லாங் மூவரும் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள்: இவை பேட்டரி வகை மின்முனைகள், இவற்றின் கொள்திறனைக் கூலூமிலோ மில்லிஆம்பியர்-மணியிலோதான் சொல்ல வேண்டும். அதன் பிறகும் ஃபாரட் கணக்கு நிற்கவில்லை. நிக்கல் நல்ல பொருள். கலப்பு மின்தேக்கியின் ஒரு முனையாக அது சிறப்பாகப் பணியாற்றும். அதன் வேலையைச் சரியான அலகில் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

என் பொருள் எந்த வகை என்று எப்படிக் கண்டறிவது?

சுழல் மின்னழுத்த வரைபடம் செவ்வகத்தை ஒத்திருக்கிறதா, கூர்முகடுகள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். மாறா மின்னோட்டத்தில் ஏற்றி இறக்கினால் முக்கோணம் வருகிறதா, இடையில் தட்டையான மேடு வருகிறதா? அடுத்து வருடல் வேகத்தை (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேகத்தை) மாற்றி மாற்றி அளந்து, மின்னோட்டம் வேகத்தோடு எப்படி வளர்கிறது என்று மடக்கை வரைபடத்தில் பாருங்கள். சாய்வு 1-ஐ நெருங்கினால் வினை மேற்பரப்பில் நடக்கிறது. 0.5-ஐ நெருங்கினால் அயனிகள் உள்ளே பரவுவதற்காகக் காத்திருக்கின்றன.

சாய்வை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். நானோ அளவுக்குச் சிறுத்த பேட்டரிப் பொருளும் 1-ஐ நெருங்கும் சாய்வைக் காட்டும். அயனி படிகத்தின் உள்ளே புகுந்தும் வேகம் குறையாத விதிவிலக்கும் உண்டு. செஞ்சாய்சதுரப் படிக நயோபியம் பென்டாக்சைடில் இதை 2013-இல் ஆகஸ்டின், டன் ஆகியோரின் குழு காட்டியது. வரைபடத்தின் வடிவம், சாய்வு, முகடுகளுக்கு இடையிலான இடைவெளி ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

இரண்டு உலோகங்களைச் சேர்ப்பதால் என்ன பயன்?

முக்கியமாக மின்கடத்துத்திறன். நிக்கல் கோபால்டைட் என்னும் ஸ்பைனல் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடையும் கோபால்ட் ஆக்சைடையும்விடக் குறைந்தது நூறு மடங்கு நன்றாகக் கடத்துகிறது. எலக்ட்ரான் வெவ்வேறு நிலையிலுள்ள உலோக அணுக்களுக்கு இடையே தாவிச் செல்ல முடிவதே காரணம். ஆக்சிஜனின் இடத்தில் கந்தகத்தை வைத்தால் கடத்துத்திறன் இன்னும் உயர்கிறது. ஆனால் காரக் கரைசலில் சல்பைடின் மேற்பரப்பு ஹைட்ராக்சைடாகவும் ஆக்சிஹைட்ராக்சைடாகவும் மாறிவிடும். ஆயிரம் சுற்றுகளுக்குப் பிறகு மின்முனையில் இருப்பது நீங்கள் செய்த சல்பைடுதானா என்று எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் சோதித்துவிட்டு எழுதுங்கள்.

கோபால்ட்டைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. உலக உற்பத்தியின் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை அங்கே இன்னும் தீரவில்லை. கோபால்ட்டைக் குறைத்தும் வேலை நடக்குமா என்று தேடுவது ஆய்வாளரின் கடமை என்றே கருதுகிறேன்.

நைட்ரைடுகளும் மேக்சீன்களும் எந்த நிலையில் இருக்கின்றன?

வனேடியம் நைட்ரைடு உலோகம்போல் கடத்துகிறது. 2006-இல் சோய், புளூம்கிரென், கும்டா ஆகியோர் நானோ படிகங்களில் கிராமுக்கு 1340 ஃபாரட் என்று அறிவித்தபோது பெரும் நம்பிக்கை எழுந்தது. மிக மெதுவான வருடலில், மிகக் குறைந்த எடையில் கிடைத்த அளவு அது. காரத்தில் வனேடியம் மெல்லக் கரைவது இன்றுவரை தலைவலி.

ஏடு ஏடான உலோகக் கார்பைடு, நைட்ரைடுகளான மேக்சீன்கள் வேறு கதை. 2011-இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் யூரி கோகட்சி, மைக்கேல் பார்சூம் குழுவினர் டைட்டானியம் அலுமினியம் கார்பைடிலிருந்து அலுமினிய அடுக்கை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் நீக்கி, ஏடு ஏடாகப் பிரியும் டைட்டானியம் கார்பைடைப் பெற்றார்கள். உள்ளே உலோகக் கார்பைடு எலக்ட்ரானைக் கடத்துகிறது. ஏடுகளின் வெளிப்பரப்பில் ஆக்சைடு போன்ற தொகுதிகள் வினை புரிகின்றன. ஏடுகளுக்கு நடுவே நீரும் அயனியும் ஓடுகின்றன. 2014-இல் லித்தியம் ஃபுளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையால் செய்த களிமண் போன்ற மேக்சீன், ஒரு கன சென்டிமீட்டருக்கு 900 ஃபாரட் தந்தது. கன அளவில் கார்பன் நெருங்க முடியாத எண் இது.

நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இந்த மேக்சீன் டைட்டானியம் டைஆக்சைடாகக் கெட்டுப்போகும். ஆர்கான் வாயுவில், குளிரில் வைக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலின் வழியே ஊடுருவி எலும்பு வரை தாக்கும், உயிரையும் பறிக்கும். முறையான பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் கைவசம் இல்லாத ஆய்வகத்தில் யாரும் இதைத் தொடக்கூடாது. லித்தியம் ஃபுளோரைடு வழியிலும் கலத்துக்குள் அதே அமிலம் உருவாகிறது.

உலோக-கரிமச் சட்டகங்கள்?

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த இந்த நுண்துளைப் பொருள்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அவற்றைச் சூடேற்றி நுண்துளை ஆக்சைடாகவோ கார்பனாகவோ மாற்றும் மூலப்பொருளாகவே பயன்படுத்துகிறார்கள். கடத்தும் நிக்கல் சட்டகம் ஒன்றைக் கார்பன் சேர்க்காமலே மின்முனையாக்கலாம் என்று 2017-இல் மிர்சியா டிங்காவின் குழு காட்டியது.

முதல் மின்முனையை எந்த முறையில் செய்வது?

நிக்கல் நுரையில் நீர்வெப்ப முறை பலருக்கும் தொடக்கம். நிக்கல் நைட்ரேட், கோபால்ட் நைட்ரேட், யூரியா மூன்றையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலத்தில் நுரையோடு வைத்து, 120 டிகிரியில் சில மணி நேரம் விட்டுவைப்பார்கள். யூரியா மெல்லச் சிதைந்து அம்மோனியாவை வெளியிடுவதால் காரத்தன்மை படிப்படியாக உயர்கிறது. அதனால்தான் பொருள் அவசரமாக வீழ்படியாமல் ஊசி ஊசியாக நுரையின் மேல் வளர்கிறது. பிறகு காற்றில் 300 முதல் 350 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கினால் ஆக்சைடு கிடைக்கும். கலத்தை முழுக்க நிரப்பாதீர்கள். முற்றிலும் ஆறும்வரை திறக்காதீர்கள்.

செய்வதைவிட எடை போடுவதுதான் கடினம். ஒரு சதுர சென்டிமீட்டர் நுரை முப்பது, நாற்பது மில்லிகிராம் இருக்கும். அதன் மேல் வளர்ந்த பொருள் ஒரு மில்லிகிராம். தராசில் 0.1 மில்லிகிராம் பிழை வந்தாலே இறுதி எண்ணில் பத்து விழுக்காடு ஆட்டம் கண்டுவிடும். கரைசலில் நுரையும் கொஞ்சம் அரிக்கப்படுகிறது. காற்றில் சூடாக்கும்போது அதன் மேலும் ஆக்சைடு படர்ந்து, காரத்தில் தானே மின்சுமை சேமிக்கத் தொடங்குகிறது. ஆகவே உலோக உப்புகள் சேர்க்காமல், மற்ற எல்லாப் படிகளிலும் அதே பாடுபட்ட வெற்று நுரையொன்றைத் தனியே அளந்து அதன் பங்கைக் காட்டுவது கட்டாயம். கார்பன் துணியிலும் ஒருமுறை செய்து பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு மின்முனையை மட்டும் தனியே அளக்கும் மூன்று மின்முனைக் கலத்தில் 800 ஃபாரட் வந்தது, முழுக் கலத்தில் 200 தான். எங்கே தவறு?

தவறே இல்லை. ஒத்த இரு மின்முனைகள் தொடராக இணையும்போது மொத்த மின்தேக்குத்திறன் பாதியாகிறது, எடையோ இரட்டிப்பாகிறது. ஆகவே கிராம் கணக்கில் நான்கில் ஒரு பங்குதான் வரும். இதற்கு மேல் மின்பகுளி, பிரிப்பான், மின்னோட்டச் சேகரிப்பான், உறை எல்லாவற்றின் எடையும் சேர வேண்டும். வணிகக் கலங்களில் செயல்படும் பொருளின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால், ஆற்றல் மேலும் மூன்று, நான்கு மடங்கு குறையும் என்று கோகட்சியும் சைமனும் 2011-இல் எச்சரித்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகப் பொருள் வைத்த மின்முனையில் நிலைமை இதைவிட மோசம். வணிக அளவு சுமார் 10 மில்லிகிராம். முதல் நாளிலிருந்தே அந்த அளவை நோக்கி வேலை செய்யுங்கள்.

நீர்க் கரைசலில் ஒரு வோல்ட்டைத் தாண்ட முடியாதா?

நீர் 1.23 வோல்ட்டில் பிளவுபடும் என்பது வெப்ப இயக்கவியல் கணக்கு. ஆனால் இரு முனைகளிலும் வெவ்வேறு பொருள்களை வைத்தால் அதைத் தாண்டலாம். நடுநிலைக் கரைசலில் நேர்முனையில் மாங்கனீசு டைஆக்சைடு, எதிர்முனையில் கார்பன் வைத்த கலங்கள் 2 வோல்ட் வரை இயங்கியிருக்கின்றன. வாயு வெளியேறும் வினைகள் அந்தப் பரப்புகளில் மந்தமாக நடப்பதே காரணம்.

இரு முனைகளின் மின்சுமையும் சமமாக இருக்குமாறு எடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்முனை கிராமுக்கு 200 ஃபாரட், 0.8 வோல்ட் என்றால் 160 கூலூம். எதிர்முனை 150 ஃபாரட், 1 வோல்ட் என்றால் 150 கூலூம். அப்போது ஒரு கிராம் நேர்முனைக்கு 1.07 கிராம் எதிர்முனை வைக்க வேண்டும். இந்தச் சமன்பாடு தவறினால் ஒரு முனை தன் எல்லையைத் தாண்டி விரைவில் சிதையும்.

ஐயாயிரம் சுற்றுகள் தாங்கினால் போதுமா?

கார்பன் கலம் பத்து லட்சம் தாங்கும்போது ஐயாயிரம் என்பது தொடக்கம் மட்டுமே. மின்முனை உரிந்து விழுவது, பருமன் மாறி விரிசல் விடுவது, உலோகம் கரைவது ஆகியவை பெரும்பாலும் பிறகுதான் தெரியவரும். சுற்றுகளோடு, உச்ச மின்னழுத்தத்தில் நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்து அளப்பதையும் சேருங்கள். கரைசலை எடுத்து அதில் உலோகம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நூறு சுற்றுகளில் கொள்திறன் ஏறினால் மகிழ வேண்டாம். பொருள் வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பொருளை எடுப்பது நல்லது?

நான் மாங்கனீசையும் இரும்பையும் சொல்வேன். இரண்டும் பூமியில் தாராளமாக இருக்கின்றன. குறிப்பாக எதிர்முனைக்கான இரும்பு ஆக்சைடும் ஆக்சிஹைட்ராக்சைடும் போதிய கவனம் பெறவில்லை. நேர்முனைக்கு எத்தனையோ சிறந்த பொருள்கள் வந்த பிறகும் எதிர்முனையில் கார்பனே நிற்பதால், முழுக் கலத்தின் ஆற்றலை அந்த முனைதான் கட்டிப்போடுகிறது. இரும்பு ஆக்சைடு மோசமாகக் கடத்தும், சுற்றுகளில் விரைவில் தேயும். ஆக்சிஜன் வெற்றிடங்களை (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத இடங்களை) உருவாக்குவது, மெல்லிய கார்பன் உறை இடுவது போன்ற வழிகள் ஓரளவு பலன் தருகின்றன. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிகிராம் இரும்பு ஆக்சைடு வைத்து, பத்தாயிரம் சுற்றுகள் தாங்கும் எதிர்முனையை உங்களால் செய்ய முடிந்தால், கிராமுக்கு அது 150 ஃபாரட் மட்டுமே தந்தாலும், உடனே எழுதி அனுப்புங்கள்.